சுவரில் மாட்டிய பத்திரம்: உயர்குடிக் குடும்ப ஓவியத்தைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் தென்பகுதியில், சால்ஸ்பரி நகரத்துக்குப் பக்கத்தில் வில்டன் மாளிகை இருக்கிறது. பெம்ப்ரோக் பிரபுக் குடும்பத்தின் வீடு. அதன் பெரிய கூடத்தில் ஒரு பக்கச் சுவரை ஏறக்குறைய ஒரே ஓவியம் அடைத்துக்கொண்டிருக்கிறது. அகலம் 5 மீட்டருக்கு மேல், உயரம் 3 மீட்டருக்கு மேல். வரைந்தவர் ஆன்டனி வான் டைக். காலம் 1634–36 வாக்கில். பத்துப் பேர் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே மேகத்தில் குட்டித் தேவதைகள் வேறு.

நடுவில் குடும்பத் தலைவர் பிலிப் ஹெர்பர்ட், பெம்ப்ரோக்கின் நான்காம் ஏர்ல். ஏர்ல் என்பது அந்த நாட்டுப் பிரபுப் பட்டங்களில் ஒன்று. அவர் பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண்மணி. கைகளைக் கோத்துக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல், வேறு யாருடைய வீட்டு விசேஷத்துக்கோ வந்து மாட்டிக்கொண்டவர் போல உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏர்லின் இரண்டாம் மனைவி ஆன் கிளிஃபோர்ட். படத்தில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட அவர் பெற்றதில்லை. எல்லாரும் மூத்தாள் பிள்ளைகள். இந்தப் படம் வரையப்பட்ட காலத்தில் கணவனும் மனைவியும் பிரிந்தே வாழ ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு ஏன் ஒரே படத்தில்? கல்யாணம்தான் காரணம். ஏர்லின் மூத்த மகன் சார்ல்ஸுக்கும் மேரி வில்லியர்ஸுக்கும் 1635 ஜனவரியில் திருமணம். மேரி, கொலையுண்ட பக்கிங்ஹாம் டியூக்கின் மகள், அரசவையிலேயே வளர்ந்த பெண். டியூக் என்பது ஏர்லைவிடப் பெரிய பட்டம். அப்போது அவளுக்கு 13 வயதுகூட நிரம்பவில்லை. அவள்தான் முன்னால் வெண்பட்டில் தனியாகத் தெரிகிறாள். பத்துப் பேர் கூட்டத்தில் வெளிச்சம் முதலில் விழுவது வீட்டுக்கு வந்த மருமகள்மேல்தான். இரு பெரிய குடும்பங்கள் சேர்ந்துவிட்டன என்பதே படம் ஊருக்குச் சொல்ல வந்த செய்தி. சார்ல்ஸ் திருமணம் முடிந்த கையோடு இத்தாலிக்குப் போய், அம்மை கண்டு பிளாரன்ஸில் இறந்துபோனான். மேரி 1637-இல் வேறொரு டியூக்கை மணந்தாள். சம்பந்தம் முறிந்துவிட்டது, படம் மட்டும் சுவரில் நின்றுவிட்டது.

இந்த வகை ஓவியங்களைப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றே. இதை ஒரு குடும்பத்தின் ஞாபகப் படமாகப் பார்க்காதீர்கள், பத்திரமாகப் படியுங்கள். நம் பதிவு அலுவலகப் பத்திரத்தில் என்ன இருக்கும்? யார் மகன் யார் என்று பெயர், சொத்து விவரம், நான்கெல்லை, சாட்சி, கையெழுத்து. 16-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய உயர்குடியினர் வரைய வைத்த குடும்பப் படங்களில் இவை அத்தனையும் இருக்கும், எழுத்துக்குப் பதில் துணியாகவும் தூணாகவும் நாயாகவும்.

இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் யார் என்பதும் முக்கியம். பெரிய மாளிகைகளில் நீண்ட நடைக்கூடம் ஒன்று இருக்கும். மழை நாளில் வீட்டார் உலாவுவதும் விருந்தாளிகளைக் காக்க வைப்பதும் அங்கேதான். சம்பந்தம் பேச வந்தவர், கடன் கொடுக்க வந்தவர், வழக்கில் எதிராளி, குத்தகைக்காரர் என்று எல்லாரும் அந்தப் படங்களுக்குக் கீழே நடந்துதான் உள்ளே போக வேண்டும்.

முதலில் யார் எந்தப் பக்கம்

பழகிக்கொள்ள வசதியான படம் ஒன்று சொல்கிறேன். வான் டைக் 1632-இல் லண்டனுக்கு வந்ததும் அரசர் முதலாம் சார்ல்ஸ் அவருக்கு சர் பட்டம் கொடுத்து, அரசவை ஓவியராக்கி, ஆண்டுக்கு 200 பவுண்டு மானியமும் ஒதுக்கினார். அதே ஆண்டில் அரச குடும்பத்தை அவர் வரைந்தார். அரசர், அரசி ஹென்றியேட்டா மரியா, அரசரின் முழங்கால் பக்கத்தில் இளவரசன், அரசியின் கையில் கைக்குழந்தையான இளவரசி மேரி. அந்தக் காலத்து அரண்மனைக் கணக்கிலேயே இதற்கு ‘கிரேட் பீஸ்’ என்று பெயர்; நாம் பெரிய படம் என்று வைத்துக்கொள்வோம். வைட்ஹால் அரண்மனை நடைக்கூடத்தின் கோடியில் மாட்டியிருந்தது, உள்ளே நுழைந்ததும் தூரத்திலிருந்தே தெரியும்படி.

அரசர் நமக்கு இடப்பக்கம், அரசி வலப்பக்கம். இது தற்செயல் கிடையாது. படத்துக்குள் இருப்பவர்களின் பார்வையில் அரசர்தான் வலப்பக்கம், அதாவது மரியாதைக்குரிய பக்கம். குலச்சின்னக் கேடயத்திலும் அதே விதி: கணவன் குலத்தின் சின்னம் பார்ப்பவருக்கு இடப்பாதியில், மனைவி வீட்டுச் சின்னம் வலப்பாதியில். தம்பதியைத் தனித்தனிப் படமாக வரைந்து ஜோடியாக மாட்டும்போதும் இதே வரிசைதான் வழக்கம். எங்காவது மாறியிருந்தால், அங்கே கொஞ்சம் நின்று ஏன் என்று கேட்க வேண்டும். மனைவி கணவனைவிடப் பெரிய குலமாக இருக்கலாம், படம் வேறு காலத்தில் வரைந்து சேர்த்ததாக இருக்கலாம்.

அடுத்தது பார்வை. அரசர் நம்மைப் பார்க்கிறார். அரசி அரசரைப் பார்க்கிறார். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தால் வீட்டின் அதிகார வரிசை வந்துவிடும். பக்கத்து மேசையில் மகுடமும் செங்கோலும் இருக்கின்றன. தலையில் வைத்துக்கொள்ளவில்லை. எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் பொருளை எடுத்துக் காட்ட வேண்டியதில்லை என்ற தோரணை அது. பின்னால் தூரத்தில் வெஸ்ட்மின்ஸ்டர், நாடாளுமன்றக் கட்டடங்கள். 1629-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு அதைக் கூட்டாமலே ஆண்டுகொண்டிருந்த அரசர் அவர். அந்தக் கட்டடத்தைத் தன் தோளுக்குப் பின்னால் பொம்மை அளவுக்கு வரைய விட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. 1649-இல் அதே வைட்ஹால் அரண்மனை வாசலில்தான் அவர் தலை போனது.

தூணும் திரையும் இந்த வகைப் படங்களில் சலிக்கும் அளவுக்கு வரும். பெரிய கல்தூண், அதன்மேல் அள்ளிச் சொருகிய கனமான திரைச்சீலை. எந்த வீட்டிலும் திறந்தவெளியில் தூணில் திரை கட்டித் தொங்காது. வெனிஸ் ஓவியர் டிஷன் போன்றோரிடமிருந்து வான் டைக் எடுத்துக்கொண்ட வழக்கம் இது. தூண் அசையாத உறுதிக்கு அடையாளம். திரை, அரசருக்கும் தேவமாதாவுக்கும் மேலே பிடிக்கும் விதானத்தின் மிச்சம். சொந்தமாகத் தூண் வைத்த வீடு இல்லாதவரும் ஓவியரிடம் தூண் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஸ்டூடியோவில் மாளிகைப் படுதாவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புரியும்.

இன்னொன்று, உயரம். அரசர் சார்ல்ஸ் குட்டையானவர். வான் டைக் அவரைப் பெரும்பாலும் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் வரைந்தார், அல்லது உட்கார வைத்தார், அல்லது குதிரைமேல் ஏற்றினார்.

துணி, முத்து, வாடகைக் கை

உடைதான் இந்தப் படங்களில் பணம் பேசும் இடம். கறுப்பு உடை எளிமை என்று நமக்குத் தோன்றும். அக்காலத்தில் வெளுக்காத ஆழ்ந்த கறுப்புச் சாயம் ஏற்றுவது செலவு பிடித்த வேலை, திரும்பத் திரும்ப முக்க வேண்டும். அதன்மேல் வெள்ளை லேஸ் பின்னல் கழுத்துப் பட்டையைப் போட்டால், அந்தப் பின்னலை முடிக்கப் பெண்கள் மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பார்கள். சாட்டின் பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பதால் அது ஓவியருக்கும் பிடித்த துணி. முத்து கற்புக்கு அடையாளம் என்று சொன்னார்கள், செல்வத்துக்கு அடையாளம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்றைய ஐரோப்பாவுக்கு முத்து போன கடல்களில் பாரசீக வளைகுடாவோடு நம் மன்னார் வளைகுடாவும் ஒன்று.

ஆண்களிடம் தேட வேண்டியது நீல நாடா. கழுத்திலிருந்து நீல நாடாவில் ஒரு பதக்கம் தொங்கினால், அல்லது இடது முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை கட்டியிருந்தால், அவர் கார்ட்டர் வீரர் குழுவில் ஒருவர். மூன்றாம் எட்வர்ட் அரசர் 1348 வாக்கில் தொடங்கியது. அரசரையும் பட்டத்து இளவரசரையும் தவிர ஒரே காலத்தில் 24 பேருக்குத்தான் இடம். காலி விழுந்தால்தான் அடுத்தவர். வில்டன் படத்தில் பெம்ப்ரோக் ஏர்ல் அந்தச் சின்னத்தோடு கையில் மெல்லிய வெள்ளைக் கோலும் வைத்திருக்கிறார். ஊன்றுகோல் என்று நினைத்துவிடக் கூடாது. அரண்மனை நிர்வாகத்தைப் பார்க்கும் லார்ட் சேம்பர்லின் பதவியின் கோல் அது. தலைக்குப் பின்னால் தொங்கும் திரையில் குலச்சின்னமும் பெரிதாக இருக்கிறது. பெயர்ப்பலகை, பதவி, விருது மூன்றும் முடிந்தது.

கைகளைப் பாருங்கள். நீளமான, எலும்பே தெரியாத, வெளுத்த விரல்கள். உழைக்காத கை என்பதுதான் அதன் பொருள்; ஒரு கையில் கையுறையைக் கழற்றிப் பிடித்திருந்தால் அதே பொருள் இன்னும் அழுத்தமாக. இதில் வேடிக்கை என்னவென்றால், வான் டைக்கின் ஓவியக்கூடம் எப்படி நடந்தது என்று அவரை அறிந்தவர் வழியாக வந்த குறிப்பு ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம்தான். நேரம் முடிந்ததும் எழுந்து வணங்கி அனுப்பிவிட்டு அடுத்தவரை உட்கார வைப்பார். முகம் அவர் கையால். உடையை உரியவர் கொடுத்தனுப்ப, உதவியாளர்கள் அதைப் பார்த்து வரைவார்கள். கைகளுக்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தாராம், ஆணும் பெண்ணுமாக. பிரபுவின் உழைக்காத கை என்று நாம் ரசிப்பது, கூலிக்கு வந்து அசையாமல் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருடைய கையாக இருக்கலாம்.

நாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மடியில் குட்டி நாய் என்றால் விசுவாசம், கற்பு. வேட்டைநாய் என்றால் வேட்டைக்காடு உள்ளவர். பொதுவாகச் சரி. ஆனால் இதை அகராதி மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். சில நாய்கள் அந்த வீட்டு நாய், அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். பாவாடை போட்ட குழந்தையைப் பெண் என்று எண்ணிவிடுவோம். ஆறேழு வயது வரை ஆண்பிள்ளைகளும் பாவாடைதான் அணிந்தார்கள். கால்சட்டை மாட்டும் நாள் வீட்டில் ஒரு சடங்கு போலவே நடந்தது. 1635-இல் வான் டைக் அரசரின் மூன்று மூத்த குழந்தைகளை இருமுறை வரைந்தார். இத்தாலியின் டூரின் நகரத்தில் இருக்கும் முதல் படத்தில் பட்டத்து இளவரசன் பாவாடை உடையில் நிற்கிறான். பிறகு வரைந்த படத்தில் கால்சட்டை ஏறிவிட்டது, சாய்ந்து நிற்கும் தோரணையும் வந்துவிட்டது. 1637-இல் ஐந்து குழந்தைகளையும் சேர்த்து இன்னொரு படம். அதில் ஏழு வயதுப் பையன் நடுவில் நின்று, தன் நெஞ்சளவுக்கு இருக்கும் பெரிய மாஸ்டிஃப் நாயின் தலையில் அலட்சியமாகக் கை வைத்திருக்கிறான். பின்னாளில் இரண்டாம் சார்ல்ஸ் ஆகப் போகிறவன். இத்தனை பெரிய மிருகம் அவன் கைக்கு அடங்கி உட்கார்ந்திருக்கிறதே, நாடு அடங்காதா என்பதுதான் சொல்லாமல் சொன்னது.

இறந்தவர்களும் இனி வரப்போகிறவர்களும்

புகைப்படத்தால் முடியாத ஒன்றை ஓவியம் செய்தது. இல்லாதவரையும் கூட நிறுத்தியது. வில்டன் படத்தின் மேகத்தில் பறக்கும் குட்டித் தேவதைகள், ஏர்லின் மூத்தாள் பெற்று இளமையிலேயே இறந்துபோன குழந்தைகள். அவர்களும் கணக்கில் உண்டு.

லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் சால்டன்ஸ்டால் குடும்பம் என்ற படம் இருக்கிறது. டேவிட் டி கிராஞ்ச் வரைந்தது, 1636–37 வாக்கு. சிவப்புத் திரை போட்ட கட்டிலில் வெளிறிப்போன ஒரு பெண் படுத்துக்கொண்டு கையை நீட்டுகிறாள். கட்டில் பக்கத்தில் கணவர் நிற்கிறார், கூடவே இரண்டு குழந்தைகள். வலப்பக்கம் நாற்காலியில் நல்ல உடையில் இன்னொரு பெண், மடியில் கைக்குழந்தை. பிள்ளை பெற்ற தாயைப் பார்க்க வந்த உறவுக்காரி என்றுதான் முதலில் தோன்றும். பரவலாக ஏற்றுக்கொண்ட விளக்கம் வேறு: கட்டிலில் இருப்பவர் இறந்துபோன முதல் மனைவி, நாற்காலியில் இருப்பவர் இரண்டாம் மனைவி. செத்தவள் தன் குழந்தைகளை நோக்கிக் கை நீட்ட, உயிரோடிருப்பவள் தன் குழந்தையோடு உட்கார்ந்திருக்க, நடுவில் கணவர். இரு தாரத்துப் பிள்ளைகளும் ஒரே தகப்பன் வாரிசுகள்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வக்கீலும் எழுத முடியாது.

ஸ்பெயினில் கோயா 1800-இல் நான்காம் கார்லோஸ் அரசர் குடும்பத்தை வரைந்தபோது எதிர்த்திசையில் போனார். பட்டத்து இளவரசன் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டிருக்கிறாள். இளவரசனுக்கு இன்னும் பெண் பார்த்தாகவில்லை. அவனுக்கு 1802-இல்தான் கல்யாணம். வரப்போகும் மருமகளுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்தப் படத்தில் நட்ட நடுவில் நிற்பது அரசி மரியா லூயிசா, அரசர் ஒரு பக்கமாக நிற்கிறார் என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கைகோத்து உட்கார்ந்திருந்த பெண்மணியின் படம்

வில்டனில் ஒட்டாமல் உட்கார்ந்திருந்த ஆன் கிளிஃபோர்ட் பிற்பாடு தானே ஒரு குடும்பப் படம் வரைய வைத்தார். படம் பத்திரமாக வேலை செய்வதை இதைப் போலக் காட்டும் ஓவியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆன் 1590-இல் பிறந்தவர். தந்தை ஜார்ஜ் கிளிஃபோர்ட், கம்பர்லாந்து ஏர்ல். வட இங்கிலாந்தில் ஸ்கிப்டன், ஆப்பிள்பி, ப்ரூம் என்று கோட்டைகளும் பெருநிலமும் அந்தக் குடும்பத்துக்கு இருந்தன. ஆனின் இரு அண்ணன்களும் சிறுவயதிலேயே இறந்துவிட, அவர் ஒரே வாரிசு. ஆனால் 1605-இல் தந்தை இறந்தபோது உயிலைத் திறந்தால், சொத்தும் பட்டமும் சித்தப்பாவுக்கு, மகளுக்கு 15,000 பவுண்டு ரொக்கம். பழைய அரசாணை ஒன்றின்படி ஆணோ பெண்ணோ நேர் வாரிசுக்கே நிலம் என்று ஆனின் தாயார் மார்கரெட் வழக்குத் தொடுத்தார். ஆனுக்கு அப்போது 15 வயது.

வழக்கு இழுத்தது. ஆனின் முதல் கணவரான டார்செட் ஏர்ல், பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு என்று நச்சரித்தார். 1617-இல் ஜேம்ஸ் அரசரே அழைத்து வைத்து, தன் தீர்ப்புக்குக் கட்டுப்படச் சொன்னார். அந்த அறையில் இருந்த எல்லாரும் சரி என்று சொல்ல, ஆன் மட்டும் மறுத்துவிட்டார். தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. கணவர் பணத்தை வாங்கிக்கொண்டார். டார்செட் இறந்த பிறகு 1630-இல் பெம்ப்ரோக்கை மணந்ததும் நன்றாக அமையவில்லை. டார்செட்டின் நோல், பெம்ப்ரோக்கின் வில்டன் ஆகிய இரு மாளிகைகளின் பளிங்குத் தூண்களும் தனக்குப் பலவேளை துயரத்தின் பூம்பந்தலாகத்தான் இருந்தன என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஓவியத்தில் பெருமைக்கு வைக்கும் அதே தூண்கள்.

1643-இல் சித்தப்பா மகன் ஆண் வாரிசில்லாமல் இறந்தான். 38 ஆண்டுக்குப் பிறகு சொத்து ஆனிடம் வந்தது. அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் வடக்கே போக முடியவில்லை, 1649 வரை லண்டனிலேயே இருந்தார். கோட்டைக்குள் கால் வைக்கும் முன்பே, 1646-இல், படத்துக்குச் சொல்லிவிட்டார். யான் வான் பெல்காம்ப் வரைந்ததாகக் கருதப்படுகிறது. இப்போது கென்டல் நகரத்தின் ஆபட் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோயில் பீடத்தில் வைக்கும் படம்போல மூன்று பலகை. நடுப்பலகை மட்டும் இரண்டரை மீட்டர் சதுரம். அதில் தாய், தந்தை, இரு அண்ணன்கள். காட்டப்படும் காலம் 1589. படம் வரையும்போது இந்த நால்வரில் ஒருவர்கூட உயிருடன் இல்லை, பழைய படங்களைப் பார்த்து வரைந்ததுதான். நடுவில் ஆன் எங்கே என்று தேடினால், தாயின் வயிற்றில். அந்த ஆண்டில்தான் தாய் அவரைக் கருவுற்றிருந்தார், அதையும் படத்தில் எழுதியே வைத்துவிட்டார்கள். நான் அப்போதே வாரிசு என்கிறார் ஆன்.

இடப்பலகையில் 15 வயது ஆன், சொத்து கைவிட்டுப் போன வயதில். பின்னால் அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள், ஓவிட், சாசர் என்று கவிஞர்கள் பெயர் தெரியும்படி. மேலே அவருடைய ஆசிரியரும் அவரை வளர்த்த ஆசிரியையும் சிறு படங்களாக. வலப்பலகையில் 56 வயது ஆன், கறுப்பு உடையில், காலடியில் நாயும் பூனையும். இங்கே புத்தகங்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன, எடுத்துப் படிக்கிறவர் வீட்டில் கிடப்பது போல. சுவரில் இரண்டு சின்னப் படங்கள் மாட்டியிருக்கின்றன. இரண்டு கணவர்கள்! வில்டனில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த பெம்ப்ரோக் ஏர்ல் இங்கே ஒரு தலை மட்டும். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.

நடுப்பலகை ஓரங்களில் மேலிருந்து கீழாகக் குலச்சின்னக் கேடயங்கள், பக்கத்தில் யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார் என்று நீள நீளமான எழுத்து. ஓவியமாகப் பார்த்தால் இது சுமார்தான். முகங்கள் விறைத்திருக்கின்றன, எழுத்து கண்ணை உறுத்துகிறது. வான் டைக்கின் பட்டுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனுக்கு அது தேவைப்படவும் இல்லை. இதுபோல் இரண்டு பிரதிகள் செய்ய வைத்தார். நமக்குக் கிடைத்திருப்பது ஆப்பிள்பி கோட்டையில் இருந்தது. வடக்கே போன பிறகு இடிந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்துக்கொண்டு, 1676-இல் 86 வயதில், தந்தை பிறந்த ப்ரூம் கோட்டையில் இறந்தார்.

நிலத்தையே நேரடியாக வரைந்த படங்களும் உண்டு. பிரபுப் பட்டம் இல்லாத நிலக்கிழார்கள் வழியாக அது 18-ஆம் நூற்றாண்டில் பரவியது. லண்டன் நேஷனல் கேலரியில் கெயின்ஸ்பரோ 1750 வாக்கில் வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதி படம் எல்லாருக்கும் தெரிந்தது. தம்பதி இடப்பக்கம் ஒதுங்கிவிட, பாதிக்கு மேல் வயல்தான். அறுத்துக் கட்டிய கோதுமைக்கட்டு, நேர்கோட்டில் விதைத்து அறுத்த வயலின் அடித்தாள், தூரத்தில் பட்டிபோட்ட ஆடு. கணவர் கக்கத்தில் துப்பாக்கி. பத்திரத்தில் நான்கெல்லை எழுதும் பகுதி இது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் மடியில் மட்டும் ஒரு திட்டு வரையாமல் விட்டிருக்கிறது. குழந்தைக்கு வைத்த இடமா, சுட்ட பறவைக்கா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கழுத்தில் வளையம் போட்ட பிள்ளை

கடைசியாக, மெட்ராஸ் வரை வரும் ஒரு படம். 17, 18-ஆம் நூற்றாண்டு உயர்குடிப் படங்களின் ஓரத்தில் அடிக்கடி ஒரு கறுப்பினக் குழந்தை நிற்கும். பழம் நீட்டும், குடை பிடிக்கும். பியர் மின்யார் 1682-இல் வரைந்த போர்ட்ஸ்மத் டச்சஸ் (டியூக்குக்கு இணையான பெண்கள் பட்டம்) படத்தில் ஒரு சிறுமி சங்கு நிறைய முத்தும் கையில் பவளமும் எடுத்து நீட்டுகிறாள், டச்சஸ் அவள் தோள்மேல் கை போட்டிருக்கிறார். கடல் கடந்து வந்த பொருட்களோடு பொருளாக அந்தக் குழந்தையும். வெளுத்த தோலை இன்னும் வெளுப்பாகக் காட்டுவதற்கும் ஓவியர்கள் இதைப் பயன்படுத்தினார்கள்.

எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் நடத்தி, குறிப்பாக வைரத்தில், பெரும் பணம் சேர்த்தவர். அதிகாரத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தினார் என்ற புகாரில்தான் பதவி போனது. அவருடைய சிறு வயது மகன் டேவிட்டின் கல்லறை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. லண்டன் திரும்பிய பிறகு ஆன் என்ற தன் மகளை டெவன்ஷயர் டியூக்கின் தம்பி ஜேம்ஸ் கேவண்டிஷுக்குக் கட்டிக்கொடுத்தார். வியாபாரியின் பணமும் பிரபுவின் பட்டமும் சேர்ந்த கல்யாணம்.

1719 வாக்கில் வரைந்த ஒரு படம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் ஓவிய மையத்தில் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வந்ததே இவர் அனுப்பிய நன்கொடையால்தான். மேசையைச் சுற்றி யேல், டெவன்ஷயர் டியூக் என்று சொல்லப்பட்டு வந்தவர், மருமகன் கேவண்டிஷ் எல்லாரும் மதுக் கிண்ணங்களோடு சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். டியூக்கோடு ஒரே மேசை என்பதுதான் யேலுக்குப் படம் தந்த பட்டம். பின்னால் புல்வெளியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், பேரப்பிள்ளைகள் என்று கருதப்படுகிறது. ஓரத்தில், ஏறக்குறைய அந்தக் குழந்தைகளின் வயதில், ஒரு கறுப்பினப் பையன் மது பரிமாற நிற்கிறான். நல்ல உடைதான் போட்டிருக்கிறான். கழுத்தில் பூட்டு வைத்த உலோக வளையம்.

நெடுங்காலம் இந்தப் படத்தின் தலைப்பில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக வரும், கடைசியில் ‘ஓர் ஏவல் பையனும்’ என்று முடியும். 2020-இல் மையம் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி வைத்து, அந்தப் பையன் யார் என்று தேடச் சொன்னது. ஆய்வாளர்கள் சாயத்தையும் உடையையும் லண்டன் ஆவணங்களையும் துருவிப் பார்த்தார்கள். வயது பத்துக்கு அருகில் இருக்கலாம் என்று கணித்தார்கள். பெயர் கிடைக்கவில்லை. படம் மறுபடி சுவரேறியபோது தலைப்பில் அவன் ஏவல் பையன் என்று இல்லை, ‘அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை’ என்று இருந்தது.